பேரளியில் ஏறிய கனம்

பேரளியைத் தாண்டி இரண்டு மைல் வந்த பிறகுதான், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது என்பது செல்வநாதனுக்குத் தெரிந்தது. கண்ணால் தெரியவில்லை, இடுப்பால் தெரிந்தது. பல வருஷம் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு இடுப்புதான் முதல் கண். ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கறுப்பு மண், சித்திரை வெயிலுக்குப் பாளம் பாளமாக வாய் பிளந்திருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஆனாலும் அவன் உடம்பு, உட்கார்ந்திருக்கும் பாயின் ஒரு முனையை யாரோ பிடித்து மெல்ல இழுப்பதுபோல, இடது பின்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினான். பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டான்.

வண்டியின் மேல்கனத்தைத் தாங்குவது கமான் பட்டை. வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கனம் ஏறினால் வில் நிமிரும். இறங்கினால் மறுபடி வளைந்துகொள்ளும். ஆகவே அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று தடவிப் பார்த்தாலே போதும், வண்டிக்குள் எட்டிப் பார்க்காமல், எந்தப் பக்கம் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். செல்வநாதன் சொல்லுவான். பட்டறையில் பந்தயம் கட்டிச் சொல்லி ஜெயித்திருக்கிறான். இந்த வண்டியில் ஆள் இல்லாதபோது நாலு மூலையிலும் ஐந்து விரல். ஓர் ஆளுக்கு இரண்டு விரல் குறையும்.

வலது பின்பக்கம் ஐந்து விரல் நுழைந்தது. இடது பின்பக்கம் மூன்றுதான் நுழைந்தது.

பட்டை முறிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் வெண்கலம்போல ஒலித்தன. டயரில் காற்று இருந்தது. நட்டு எதுவும் கழலவில்லை. எழுந்து பின்சீட்டைப் பார்த்தான். பழுப்புத் தோல் போர்த்த சீட்டு வெறுமையாக இருந்தது.

“என்னடாது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினான்.

அது சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டு, கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்காமல், மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வண்டிக்குப் பின்னால் கரி உலை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரம்பலூரில் செல்வநாதன் வேலை பார்த்த பட்டறைக்கு அதுதான் தொழில். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி அடியில் பற்றவைத்து, காற்றை மட்டும் சிக்கனமாக விடவேண்டும். தாராளமாகக் காற்று கிடைத்தால் கரி முழுக்க எரிந்து வீணாகிவிடும். அரைவயிற்றுக்கு விட்டால், பாதி எரிந்த வாயு ஒன்று கிளம்பும். அதைக் குழாயில் இழுத்து, தேங்காய்நார் அடைத்த பெட்டியில் வடிகட்டி, ஆறவைத்து எஞ்சினுக்கு அனுப்பினால், பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். மேட்டில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இருபது மைலுக்கு ஒருமுறை நிறுத்திச் சாம்பல் தள்ளிக் கரி போடவேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய கொட்டகைக்குள் கசிந்தால் தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான்.

இதையெல்லாம் யாரிடமாவது விளக்கிச் சொல்லுவதில் செல்வநாதனுக்கு ஓர் ஆசை, கிட்டத்தட்ட ஒரு பசி. கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அன்று விடியற்காலையில் முதலாளி தர்மராஜின் திறந்த காருக்குக் கரி உலை மாட்டி முடித்திருந்தான். முதலாளி திருச்சிக்குப் போயிருந்தார், நாளை மறுநாள்தான் வருவார். முதல் மைல்கல்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும், அதுதான் வேலை. முதல் மைல்கல்லில் எஞ்சின் அவ்வளவு ஒழுங்காகப் பாடியது. இரண்டாவதுவரை போனால் என்ன என்று தோன்றியது. இரண்டாவதில், சட்டைப் பையிலிருந்த மனைவியின் கடிதத்தை நினைத்துக்கொண்டான். விண்ணரசி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள், வரதராஜன்பேட்டையில். எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்தது. அரியலூர், உடையார்பாளையம், செயங்கொண்டம், ஆண்டிமடம். வரிசையாக ஊர்கள் கிடக்கின்றன. மத்தியானம் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். யாரிடமும் சொல்லவில்லை. துணைக்கும் யாரையும் ஏற்றவில்லை. மூன்றாவது மைல்கல்லைச் சிரித்துக்கொண்டே தாண்டினான்.

பேரளிக்கு அருகில் கரி கட்டி தட்டி, இழுப்புக் குறைந்தது. ரோட்டோரம் ஒற்றைக் கூரை வீடு. முன்னால் ஒரு புங்கமரம். அதன் நிழலில் வண்டியை நிறுத்தினான். மரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. தாடையிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணியைச் சுற்றி மேலே முடிச்சுப் போட்டிருந்தது. தலையை மரத்தில் சாய்த்து, அரைக்கண்ணால் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்வலிங்களா ஐயா?” என்றான் செல்வநாதன். “பேசாதீங்க, பேசாதீங்க. வாயத் தொறந்தா காத்துப் பட்டு உசுரு போயிடும். எனக்கும் போன வருஷம் வந்துச்சு.”

பெரியவர் பேசவில்லை.

கட்டிய கரியைக் கம்பியால் குத்தி உடைக்கவும், சாம்பல் தள்ளவும், மறுபடி கனல் பிடிக்கவும் கால் மணி ஆகும். அந்தக் கால் மணியும் செல்வநாதன் பேசினான். உலையின் மூடியைத் திறந்து காட்டினான். காற்று எப்படி உள்ளே போகிறது, வாயு எப்படி வெளியே வருகிறது என்று கம்பியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினான். பட்டறையில் இப்படிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள். “ஆரம்பிச்சுட்டாண்டா வாத்தியாரு” என்பார்கள். பெரியவர் அசையவே இல்லை. ஓர் ஈ அவர் கடைக்கண்ணில் வந்து உட்கார்ந்து, இமையோரமாக நடந்து போனது. அப்போதும் அவர் கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு கவனம். செல்வநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ஐயா மாதிரி கேக்குறவங்களே இல்லீங்க” என்றான், கையைத் துடைத்துக்கொண்டே. “ஒரு நாளைக்கு நம்ம வண்டியில ஏறணும் நீங்க. எங்க வூட்டுக்கு வாங்க. வரதராஜன்பேட்டையில மாதா கோயிலுக்கு மேக்கால மூணாவது வூடு. என் சம்சாரம் அங்கதான் இருக்கா, மாசமா. புள்ளையப் பாக்க நீங்க கட்டாயம் வரணும். அப்ப நான் போயிட்டு வரேங்க.”

கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். தலை விரிந்திருந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடம். அவள் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று அவனுக்குப் புரியவில்லை. குடம் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

“யாருடா நீ?” என்றாள். “யாரைடா கூப்புட்டே? எந்த வாயால கூப்புட்டே?”

“இல்லம்மா, சும்மாதான் பெரியவருகிட்ட...”

“ஐயோ, சின்னசாமி மாமா! ஓடியாங்களேன்! இந்தப் பாவிப்பய என்ன வேல பண்ணிட்டான்னு பாருங்களேன்!” அவள் குனிந்து, ஈரமண்ணை உருண்டையாக அள்ளி எறிந்தாள். அது அவன் காதோரம் பட்டுத் தெறித்தது. வயல்பக்கமிருந்து ஆட்கள் வருவது தெரிந்தது. மோட்டாரைக் கண்டாலே சிலருக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு செல்வநாதன் வண்டியைக் கிளப்பினான்.

அதற்கப்புறம்தான் வண்டி சாய்ந்தது.

அரியலூர் சந்தைத் தெருவுக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. சுண்ணாம்புக் கல் ஏற்றிய வண்டிகள் போன புழுதி, வெள்ளையாகக் கூரைகளின்மேல் படிந்திருந்தது. கரிக்கடை பாப்பாயி கோணி விரித்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கை, கழுத்து, மூக்குத்திகூடக் கறுத்திருந்தது. கண் மட்டும் வெள்ளை.

“யக்கா, ஒரு கூடை கரி குடுங்க” என்றான், வண்டியிலிருந்தபடியே.

பாப்பாயி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள். தராசைக் கீழே வைத்தாள்.

“வண்டிய எடு.”

“ஏங்க்கா?”

“எடுன்னா எடு. கடை முன்னாடி நிறுத்துற எடமா இது?”

“நான் ஒருத்தன், கரி வாங்க வந்தவன். என்னக்கா தப்பு?”

“நீ ஒருத்தனா?” பாப்பாயி எழுந்து நின்றாள். “கண்ணு அவிஞ்சு போச்சாடா ஒனக்கு? தாடைக்கட்டோட பின்னால ஒக்காந்திருக்கிறது யாரு, ஒங்க பாட்டனா?”

தாடைக்கட்டு.

செல்வநாதன் திரும்பிப் பார்த்தான். சீட்டு வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல், காலையிலிருந்து அவன் பார்த்த எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. உயிர் போனதும் வாய் பிளந்துகொள்ளாமல் கட்டுகிற துணி. செல்வநாதனின் கிறிஸ்தவச் சனத்தில் இறந்தவரைப் பெட்டியில் கிடத்தித்தான் வைப்பார்கள். உட்காரவைத்து அவன் பார்த்ததில்லை. சங்கு ஊதுமுன், சொல்லிவிடப் போனவர்கள் திரும்புமுன், குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனவள் வருமுன், நடுவே கிடந்த அந்தக் கால் மணியில் அவன் போய்ச் சேர்ந்திருக்கிறான். நடந்த ஈ. அசையாத இமை. அவ்வளவு கவனம்.

“எழவு வூட்ல என்னடா சொல்லிட்டு வந்தே?” பாப்பாயியின் குரல் தாழ்ந்துவிட்டது.

“போயிட்டு வரேன்னு...” என்று இழுத்தான். “நீங்களும் வாங்கன்னு சொல்லிட்டேன்க்கா.”

எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் அது. புறப்படுகிறவன் ‘போறேன்’ என்று சொல்லமாட்டான், ‘போயிட்டு வரேன்’ என்பான். போகிற சொல்லுக்குள்ளேயே வருகிற சொல்லை வைத்துத் தைத்திருக்கிறது. நல்ல வீட்டுக்கு அது மரியாதை. சாவு வீட்டில் மட்டும் அந்தத் தையலைப் பிரித்துவிடவேண்டும். வாசலில் ‘வாங்க’ என்று யாரும் அழைக்கமாட்டார்கள். வந்தவனும் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவான். ‘வா’ என்ற எழுத்தே அங்கே ஒலிக்கக்கூடாது. செல்வநாதனுக்கும் தெரியும். சாவு வீடு என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்துக் கடைகளிலிருந்து நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் எடைக்கல் இருந்தது.

“இங்க எறக்கி விட்டுடாதே” என்றாள் பாப்பாயி. “புள்ளகுட்டி பொழங்குற தெரு. ஆளில்லாத காடாப் பாத்து நிறுத்து. எறங்கச் சொல்லு. எறங்குனதும் ‘போ’ன்னு சொல்லு. வெறும் போ. ‘ங்க’ போடாத, ‘வா’ போடாத. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம போயிடு.” கரிக் கூடையைக் கையால் தரவில்லை. காலால் தள்ளிவிட்டாள். “காசு கீசு வேணாம். போ!”

வெறும் ‘போ’வை அவள் அவனிடமே சொல்லிக் காட்டினாள்.

எடைக்கல் வந்து கதவில் மோதியது.

ஊரைத் தாண்டியதும் பெரம்பலூருக்கே திரும்பிவிட நினைத்து வண்டியை மேற்கே வளைத்தான். எஞ்சின் இருமி நின்றது. உலைக்குக் காற்று ஊதும் கைத்துருத்தியைச் சுற்றிக் கனல் ஏற்றி மறுபடி முயன்றான். நின்றது. கிழக்கே திருப்பினான். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மூன்று முறை அப்படி நடந்தபின் இறங்கி, சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவினான். வாயு கசிந்தால் அங்கே குமிழி வரும். கசிந்த வாயுவைச் சுவாசித்தால் தலை கிறுகிறுக்கும், இல்லாதது தோன்றும், காலையிலிருந்து நடந்ததற்கெல்லாம் அதுவே காரணமாகிவிடும். குமிழி வரவேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினான். ஒரு மூட்டிலும் வரவில்லை. அவன் கைவேலை அவ்வளவு சுத்தம்.

பின்னால் போய்க் கமானைத் தடவினான். இடது பக்கம் ஐந்து விரல் நுழைந்தது.

உயிர் வந்ததுபோல இருந்தது. எழுந்திருக்குமுன், எதற்கும் இருக்கட்டும் என்று வலது பக்கத்தையும் தடவினான்.

மூன்று.

வலது பின்பக்கம் என்றால் ஓட்டுகிறவனின் முதுகுக்கு நேர் பின்னால்.

உடையார்பாளையம்வரை அவன் சீட்டில் சாய்ந்து உட்காரவில்லை. ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்தபடி ஓட்டினான். பின்னாலிருந்து மூச்சு வரவில்லை. முனகல் வரவில்லை. வந்தது ஒரு மௌனம் மட்டும். பேசுகிறவன் எப்போது மறுபடி தொடங்குவான் என்று காத்திருக்கிறவரின் மௌனம். எஞ்சின் சத்தம், ரோட்டுச் சரளை சக்கரத்தில் அரைபடும் சத்தம், கிழக்கே போகப் போகச் சிவந்துவந்த மண்ணின் சூட்டு வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மௌனம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெபமாலையை எடுத்தான். பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டான். தன் குரலை அதற்குக் கொடுக்கப் பயமாக இருந்தது.

உடையார்பாளையத்தில் குளத்தருகே நிறுத்தினான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். துணியைப் போட்டுவிட்டு மேலேறி, படியை மறித்து நின்றார்கள்.

“ஒரு வாளித் தண்ணிங்க. வண்டி சூடாயிடுச்சு.”

“தண்ணியத் தொடாதே” என்றார் ஒருவர்.

“எனக்கு இல்லீங்க, வண்டிக்கு.”

“அவரு எறங்குறாரு பாரு, எறங்குறாரு பாரு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி வீறிட்டாள்.

கற்கள் வந்தன. ஒன்று முன்கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டது. ஒன்று அவன் தோளில். ஓடிவந்து ஏறி வண்டியை விரட்டினான். தண்ணீர் இல்லாத ரேடியேட்டர் கொதித்துப் புலம்பியது.

இறங்கவில்லை அவர்.

இடம் மாறியிருந்தார்.

பக்கத்துச் சீட்டின் நார்மெத்தை குழிந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் விழுகிற குழி. நடுவில் ஆழம், ஓரத்தில் மேடு. ரோட்டில் வண்டி குதிக்கும்போது குழி கொஞ்சம் நிரம்பும், மறுபடி விழும். செல்வநாதன் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கிற பக்கத்துக் கன்னம் மரத்துப் போயிருந்தது.

இப்போது அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம். இதை விண்ணரசியின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. செயங்கொண்டத்தில் நிற்கவில்லை. ஆண்டிமடத்தில் நிற்கவில்லை. ஆண்டிமடம் தாண்டி வரதராஜன்பேட்டைக்குப் பாதை பிரியுமுன் முந்திரிக்காடு வரும். மரங்கள் தரையோடு கிளை பரப்பி, குனிந்த ஆட்களைப்போல நிற்கும். பழம் பொறுக்குகிறவர்கள் உச்சி வேளையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் நடுவில் வண்டியை விட்டான். சுற்றிலும் பிசுபிசுத்த இனிப்பு நாற்றம், விழுந்து அழுகிய பழங்களுடையது. எஞ்சினை நிறுத்தினான். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அவன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்தான்.

“எறங்குங்க ஐயா.”

ஒன்றும் இல்லை. உலைக்குள் கரி ஒன்று வெடித்தது.

“தெரியாம கூப்புட்டுட்டேன். எறங்கிடுங்க.”

மெத்தையின் குழி மெல்ல நிரம்பத் தொடங்கியது. முன்கமான் முனகியது. ஒரு விரல் உயர்ந்தது. இரண்டு விரல். கதவுக்கு வெளியே காய்ந்த சருகு அமுங்கியது. ஒரு தடம். இரண்டாவது தடம். அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. நின்று, காத்திருந்தது.

சொல்லவேண்டியது ஒரே எழுத்து. அதைத்தான் அரியலூரிலிருந்து முப்பது மைல் தூரம் மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். போ. வயதில் மூத்தவரை அப்படிச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. சின்ன வயதில் ஒருமுறை வீட்டுக்கு வந்தவரிடம் ‘போ’ என்றதற்கு அம்மா சூடு வைத்திருக்கிறாள். இறங்கிவிட்டார், இறங்கியேவிட்டார் என்ற சந்தோஷத்தில் கை தானாகக் குவிந்தது. வாய் தானாகத் திறந்தது. சொன்னான். சருகுத் தடம் அப்பால் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, மரங்களுக்குள்ளே. செல்வநாதன் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து ஏறினான்.

வண்டி காற்றாகப் பறந்தது. நாலு மூலையும் சமமாக, துள்ளலாக ஓடியது. வாய்விட்டு அழுதான், சிரித்தான். விண்ணரசியிடம் ஒன்றும் சொல்லக்கூடாது. கல் பட்ட தோளுக்கு ஏதாவது பொய் சொல்லவேண்டும். மாதா கோயிலின் கோபுரம் பனைகளுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. எப்படியோ சொல்லிவிட்டேனே என்று நினைத்தான். சொன்னதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கும் ஆசை வந்தது. சொல்லிப் பார்த்தான்.

“போயிட்டு வாங்க.”

கால் தானாக மிதியிலிருந்து எழுந்தது.

போயிட்டு வாங்க.

அதைத்தான் சொன்னான். கைகுவித்து. மரியாதையாக.

வாங்க.

எங்கே வரவேண்டும் என்றும் அவரிடம் காலையிலேயே சொல்லியிருக்கிறான். கோயிலுக்கு மேற்கே. மூன்றாவது வீடு.

மிதியை அழுத்தினான். எஞ்சின் அலறியது. கோயிலைச் சுற்றி வளைத்தான். முதல் வீடு. இரண்டாவது. நிறுத்தாமலே குதித்தான். வண்டி வேலிப் படலில் மோதி நின்றது.

வாசல் திறந்திருந்தது.

“யாரு, மாப்பிள்ளையா?” மாமியார் அமலோற்பவமேரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “வாங்க மாப்ளே! லெட்டர்கூடப் போடாம? விண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு!”

“வாங்கன்னு சொல்லாதீங்க!” என்று கத்தினான்.

மாமியார் முகம் விழுந்துவிட்டது. “ஏன் மாப்ளே, என்ன கோவம்?”

“வேற யாராவது வந்தாங்களா? சொல்லுங்க. யாராவது உள்ள வந்தாங்களா?”

“யாரும் வரலியே. நானும் அவளும்தான்.”

விண்ணரசி வெளியே வந்தாள். மஞ்சள் சேலை. தூக்கம் கலையாத கண். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளைச் சுற்றிலும் பார்த்தான். கூரை நிழல். கோழிக் கூண்டு. தொங்கும் உறி. ஒருவரும் இல்லை. ஒருவருமே இல்லை.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்று சிரித்தாள். “நீங்க வருவீங்கன்னு தெரியும் எனக்கு. இப்பத்தான், சித்த முன்ன, தூக்கத்துல ஒரு வேர்வை வேர்த்துச்சு. அதுலேர்ந்து ஒரேயடியாக் கனக்குதுங்க. எழுந்திரிக்கவே முடியல.”

நடந்து வந்தாள். வாசல் செம்மண் சரளை. மழை காணாமல் கல்லாக இறுகிக் கிடந்த தரை. அவள் வைத்த அடி அதில் இறங்கியது. அடுத்த அடி கணுக்கால்வரை இறங்கியது. அவள் கீழே பார்க்கவில்லை. தரை அவளைச் சுற்றி விரிசல் விட்டது.

“விண்ணு. நில்லு. அங்கயே நில்லு.”

“காலையிலேருந்து புள்ள ஒரே ஒதை. இப்ப பாருங்க, சும்மா இருக்கான்.” அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. “பேசுங்க. ஏதாச்சும் பேசுங்க. கேக்குறான்.”

அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

“பேசுங்களேன்.”

அவள் வயிற்றில், மஞ்சள் சேலையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, ஒரு கை எழும்பியது. குழந்தையின் கை அல்ல. ஐந்து விரலும் தனித்தனியாக, நீளமாக, கணுக்கள் முண்டு தட்டி, ஒரு கிழவரின் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, அவன் கைக்கு நேராக வந்து பொருந்தி, மெதுவாக அழுத்தியது.